காப்பு அவிழ்த்த மறுநாள்



பழுகாமம் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிப்பதற்குக் காப்புக் கட்டிய ஒருவர், அதை அவிழ்க்கும்வரை சாராயத்தைத் தொடமாட்டார். வருடம் முழுவதும் தவறணை வாசலில் நின்றவரானாலும் தொடமாட்டார். மச்சான்மார் கூப்பிட்டாலும், வயல்வட்டையில் வெட்டு முடிந்து எல்லோரும் போத்தலைச் சுற்றி இருந்தாலும், மணிக்கட்டில் இருக்கிற மஞ்சள் நூலைக் காட்டினால் போதும். அதற்குமேல் யாரும் வற்புறுத்துவதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தாலும் இதே நிலைதான். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களைப் பாருங்கள். உகந்தையைத் தாண்டி, குமனைக் காட்டைத் தாண்டி, யால வழியே நாட்கணக்காக நடக்கிறார்கள். அவர்களில் குடிப்பழக்கம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அந்த நாட்களில் அவர்கள் குடிப்பதில்லை.

ஆகவே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரை மனிதர்களால் குடியை விடவே முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். கஷ்டம் தொடங்குவது காப்பு அவிழ்த்த மறுநாள். கோயில் வீதி வெறிச்சோடிப் போகும். கையில் நூல் இல்லை. கூட விரதம் இருந்தவர்கள் தங்கள் தங்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். மாலையானால் கால் பழைய பாதைக்குத் திரும்பிவிடும்.

அந்த மறுநாளுக்கு உதவக்கூடிய ஒரு சிறிய பொருளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதுவும் மணிக்கட்டில் கட்டுவதுதான். நடக்கிற அடிகளையும் நாடித்துடிப்பையும் உறக்கத்தையும் கணக்கெடுக்கிற கைப்பட்டி. கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் விடுமுறைக்கு வருகிற எங்கள் பிள்ளைகளின் கையில் பார்த்திருப்பீர்கள். ஸ்மார்ட் வோட்ச் என்பார்கள், பிட்பிட் என்பார்கள். விலை கூடியதும் உண்டு, மலிவானதும் உண்டு. இரண்டுக்கும் வசதி இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். சாரத்து மடியில் செருகியிருக்கிற ஸ்மார்ட் கைத்தொலைபேசியே அடிகளை எண்ணித் தரும்.

இது வேலை செய்கிற விதம் எளிமையானது. உள்ளே அசைவை உணரும் ஒரு சில்லு இருக்கிறது. கை வீசி நடக்கும்போது ஒழுங்காக வருகிற அசைவை அது ஓர் அடியாகப் பதிகிறது. பட்டியின் அடிப்பக்கத்தில் பச்சை வெளிச்சம் ஒன்று மினுங்கும். தோலுக்குக் கீழே ஓடுகிற இரத்தத்தில் பட்டு அந்த வெளிச்சம் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்து நாடியைக் கணிக்கிறது. பிழைகளும் வரும். குண்டும் குழியுமான பாதையில் உழவு இயந்திரத்தில் போனால் அந்தக் குலுக்கலும் அடியாகப் பதியலாம். உறக்கக் கணக்கு பெரும்பாலும் ஊகம்தான். முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் குடித்தீர்களா இல்லையா என்பதை இந்தப் பட்டி கண்டுபிடிக்காது. அமெரிக்காவில் நீதிமன்ற உத்தரவின்பேரில் கணுக்காலில் பூட்டுகிற, வியர்வையில் மதுவைத் தேடுகிற கருவி வேறு.

பிறகு இது எதற்கு? இரண்டு காரியங்களுக்கு இது உண்மையிலேயே உதவும் என்று நான் நம்புகிறேன். ஒன்று, அந்த மாலை நேரம். வட்டையால் வந்து, குளித்து, பிளேன்டீ குடித்து முடித்த பிறகு ஒரு வெறுமை வருகிறதே, அந்த நேரம். குடிக்க வேண்டும் என்ற தவனம் நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. எழும்பும், உச்சத்துக்குப் போகும், பிறகு தணியும். அந்த உச்சத்தைக் கடக்க ஒரு வேலை வேண்டும். பிரித்தானியாவில் மைக்கேல் அஷர் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2004 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அண்மையில் மதுவை நிறுத்திச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர்களைப் பத்து நிமிடம் மிதமான வேகத்தில் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில் தவனம் குறைந்தது. நிறுத்திய பிறகு அந்த நன்மை நீடிக்கவில்லை. இதைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். தவனம் எழும்புகிற நேரத்தில் உடம்பு அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை இது தெளிவாகவே சொல்கிறது. காலையில் நடந்துவிட்டேன் என்று மாலையில் சும்மா இருக்கக் கூடாது.

ஆகவே, மாலையில் பட்டியைக் கட்டிக்கொண்டு நடவுங்கள். தவறணை இல்லாத பாதையாகத் தெரிந்தெடுங்கள். வாவிக்கரையோரம் நடக்கலாம், பட்டிருப்புப் பாலத்துப் பக்கம் போகலாம். வெல்லாவெளிப் பக்கத்தில் யானைப் பயம் உள்ளவர்கள் பொழுதுபட முன்னர் வீடு திரும்பிவிட வேண்டும். பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. வைத்தியர்கள் அளந்து வகுத்த எல்லை அல்ல. முதல் கிழமை வழக்கம்போல நடந்து உங்கள் கணக்கைப் பாருங்கள். அடுத்த கிழமை அதற்குமேல் கொஞ்சம் கூட்டுங்கள். நீண்ட காலம் குடித்தவர்களுக்குப் பாதத்தில் விறைப்பும் எரிவும் இருக்கலாம். மது நரம்புகளைப் பழுதாக்குவதால் வருவது அது. அப்படியானவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. கல் குத்தினாலும் தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குடியை விட்ட ஒருவரை ஊர் உடனே நம்புவதில்லை. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்பார்கள். பெண்சாதிகூட மனதுக்குள் அப்படித்தான் நினைப்பார், அவர் பட்ட பாடு அப்படி. ஆனால் உடம்பு அதற்குள்ளேயே மாறத் தொடங்கிவிடும். பின்லாந்தில் 4,098 தொழிலாளர்களின் இதயத் துடிப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2018 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குடித்துவிட்டுப் படுத்த இரவில், உறங்கிய முதல் சில மணி நேரத்தில் உடம்பு எவ்வளவு ஆறுகிறது என்று பார்த்தார்கள். கொஞ்சமாகக் குடித்தவர்களுக்கே அந்த ஆறுதல் ஏறத்தாழ 9 வீதம் குறைந்திருந்தது. நடுத்தரமாகக் குடித்தவர்களுக்கு 24 வீதம், அதிகம் குடித்தவர்களுக்கு 39 வீதம். நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. ஒரு கால் போத்தல் போட்டால்தான் நித்திரை வரும் என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கண் மூடுகிறது, உடம்பு ஆறுவதில்லை.

குடியை விட்ட ஒருவர் சில கிழமைகள் கழித்துத் தன் கைப்பட்டியில் ஓய்வு நேரத்து நாடி இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். இரவில் விழிப்பது குறைந்திருப்பதைப் பார்க்கலாம். அதை அவருக்கு யாரும் புத்திமதியாகச் சொல்லவில்லை, அவருடைய உடம்பு சொல்கிறது. ஊர் நம்பாத நாட்களில் அது பெரிய துணை. அமெரிக்காவில் ஆனா அப்ரான்டிஸ் என்ற ஆய்வாளரின் குழு, மனச்சோர்வும் மதுநோயும் சேர்ந்திருந்த 20 பெண்களுக்கு பிட்பிட் கொடுத்து, ஆலோசனையும் சேர்த்து, 12 கிழமை கவனித்தது. தவனத்தையும் மனக் கலக்கத்தையும் சமாளிக்க நடை கைகொடுத்தது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். 2017 இல் வெளிவந்த சிறிய ஆய்வு அது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. சுவீடனில் 140 பேரை வைத்துச் செய்த பெரிய பரிசோதனையில், உடற்பயிற்சி செய்தவர்களும் குடியைக் குறைத்தார்கள், வழமையான ஆலோசனை பெற்றவர்களும் குறைத்தார்கள். எனவே சிகிச்சையை விட்டுவிட்டுப் பட்டியைக் கட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிகிச்சையோடு சேர்த்துக் கட்டுங்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டில் இருப்பவர்களும் கேளுங்கள். விடிந்தவுடன் கை நடுங்குகிறவர், அந்த நடுக்கத்தை அடக்கவே காலையில் குடிக்கிறவர், தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் ஆள் தடுமாறி, இல்லாததையெல்லாம் கண்டு பயந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பேய் பிடித்தது என்று எண்ணிக் கோயிலடியில் கிடத்திவிடாதீர்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். அங்கே மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவிப்பார்கள். கைப்பட்டியும் நடையும் அதற்குப் பிறகு.

பெண்சாதிமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பட்டியை வேவு பார்க்கிற கருவியாக்க வேண்டாம். இன்றைக்கு ஏன் அடி குறைவு, எங்கே நின்றீர்கள் என்று விசாரணை தொடங்கினால், அவர் அதைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிடுவார். காட்ட விரும்பினால் அவர் காட்டட்டும். உங்களால் முடிந்தால் கூட நடவுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடியால் இழந்த பிறகு, 1980 இல் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அனுப்புவதில்லை. குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். அவர் பட்ட இழப்பிலிருந்து வந்த அறிவு அது.

தவறிக் குடித்துவிட்ட நாளும் வரும். பல செயலிகள், தொடர்ந்து இத்தனை நாள் என்று காட்டிக்கொண்டே வந்து, ஒரு நாள் தவறினால் எண்ணைப் பூச்சியத்துக்கு இறக்கிவிடும். இதை நான் விரும்பவில்லை. நாற்பது நாள் குடிக்காமல் இருந்தவருக்கு அந்த நாற்பது நாளும் உடம்பில் சேர்ந்த நன்மைதான், ஒரு மாலையில் அது அழிந்துபோகாது. தொடர் கணக்கைப் பார்க்காமல் கிழமைக் கணக்கைப் பாருங்கள். மறுநாள் காலையில் பட்டியைத் திரும்பக் கட்டுங்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழையுங்கள். போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்கு 1927 இருக்கிறது. அடுத்த முறை வைத்தியரைப் பார்க்கப் போகும்போது கைத்தொலைபேசியில் உள்ள உறக்கக் கணக்கையும் நாடிக் கணக்கையும் அவரிடம் காட்டுங்கள். எந்த நாளில் தவறியது, அன்று மாலை என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தைக் கூட்டுவதா, நடக்கிற நேரத்தை மாற்றுவதா என்று முடிவெடுக்க அவருக்கு அது வேண்டும்.