ஈறு உணர்த்தும் செய்தி

பல் துலக்கும்போது ஈற்றிலே குருதி கசிந்தால் அதனைப் பொருட்படுத்துவோர் நம்மிடையே சிலரே. முரசு என்றும் நாம் வழங்கும் அவ்வீறு, உடலின் காவல் எத்தன்மையது என்பதைக் காட்டவல்லது. இவ்வுண்மையை உலகம் அறிய உதவியவர்களுள் நம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரும் உளர்.

1970ஆம் ஆண்டில், நோர்வே நாட்டிற் பிறந்த பேராசிரியர் ஹரால்ட் லோ என்பாரும் அவர்தம் குழுவினரும் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதிக்கத் தொடங்கினர். 15 ஆண்டுக் காலம் மீண்டும் மீண்டும் வந்து சோதித்தனர். அத்தொழிலாளரிடம் தூரிகை கொண்டு பல் துலக்கும் வழக்கம் இல்லை. ஏறத்தாழ எல்லோர்க்கும் பல்லிலே அழுக்கும் காரையும் படிந்து, ஈறு அழன்றிருந்தது. ஆயினும் விளைவு ஒருபடித்தாக இல்லை. நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லின் பிடிப்பு விரைந்து அழிந்தது. 81 பேருக்கு மெல்ல அழிந்தது. 11 பேருக்கோ நோய் ஈற்றழற்சியைக் கடந்து செல்லவேயில்லை.

அழுக்கு ஒன்றாயிருக்க, அழிவு வேறுபட்டது ஏன்? கிருமியின் வலிமையோடு, அதனை எதிர்க்கும் உடலின் ஆற்றலும் ஆளுக்காள் மாறுபடுவதே காரணமாகும். பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையேயுள்ள சிறு பள்ளத்தில் வெண்குருதிக் கலங்கள் இரவுபகலாகக் காவல் நிற்கின்றன. அவற்றுள் ஒருவகைக் கலங்கள், கொழுந்து மலையில் ஆட்களை நிரை பிடித்து நிறுத்தும் கங்காணியைப்போல, ஏனைய கலங்களை ஏவி நடத்துகின்றன. எச்.ஐ.வி. என்னும் வைரசு தாக்கி அழிப்பது இக்கலங்களையே. ஏவுவார் குறையவே காவல் தளர்கிறது. வாயிற் கிருமிகள் மேலோங்குகின்றன. நன்கு துலக்கியும் நீங்காத செங்கோடு ஈற்றின் விளிம்பிலே தோன்றலாம். பற்களுக்கிடையேயுள்ள ஈற்றுநுனி புண்ணாகிக் கடுநோவும் துர்நாற்றமும் உண்டாகலாம்.

ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறேன். ஈற்றிற் குருதி கண்டோர் யாவரும் எச்.ஐ.வி. உடையோர் அல்லர், பெரும்பாலோர்க்குப் பற்காரையே காரணம். ஆனால், மேற்கூறிய குறிகள் தோன்றினால் பல் வைத்தியரை நாடுங்கள்; அவர் கூறின் குருதியையும் சோதித்துக்கொள்ளுங்கள். ‘லயத்தில் நாலு பேர் அறிந்தால் என்னாவது?’ என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இச்சோதனை இலவசம். செய்தி மறைவாகவே காக்கப்படும். மருந்தும் இலவசமே. அதனை நாடோறும் தவறாது உட்கொள்வோர்க்குக் காவற் கலங்கள் மீண்டும் பெருகும், நெடுநாள் வாழலாம். உடனிருந்து உண்பதாலோ ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ இவ்வைரசு தொற்றாது. ஆகவே, நோயுற்றாரை ஒதுக்குதல் அறியாமையும் கொடுமையுமாகும்.

தம் வாயைத் திறந்து காட்டி, உலகப் பல்வைத்திய நூல்களுக்குப் பாடம் அளித்தவர் நம் மக்கள். அப்பாடத்தின் பயன் உடப்புசல்லாவையிலும் ஏனைத் தோட்டங்களிலும் வாழும் அவர்தம் பேரப்பிள்ளைகளை வந்தடைதல் வேண்டும். நாளைக் காலை பல் துலக்கும்போது, கண்ணாடியில் உங்கள் ஈற்றையும் ஒருமுறை பாருங்கள்.