பெருக்கமரம் புகட்டும் பாடம்



மன்னார்த் தீவிலே பள்ளிமுனைக்குச் செல்வோர், பத்துப் பேர் கைகோத்தாலும் தழுவ இயலாத பெருக்கமரம் ஒன்றைக் காண்பர். அம்மரத்தின் தாயகம் ஆபிரிக்கா. ஒட்டகத் தீவனத்திற்காக அராபிய வணிகர் கொணர்ந்து நட்டனர் என்பது வழிவழிச் செய்தி. இன்று அதனை அயல்மரம் என்பார் எவருமிலர். ஆபிரிக்க மரம் இங்கு வந்து வாழ்வது போலச் சீனத்திலே தோன்றிய அறநெறி ஆபிரிக்க இளைஞர் உள்ளத்தில் வேரூன்றுமா? இதுவே இன்று நாம் சிந்திக்கவிருக்கும் பொருள்.

ஆபிரிக்க மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இருபது வயது நிரம்பாதவர். கிராமத்து மூத்தோரின் நிழலைப் பிரிந்து நகரங்களிலே வளரும் இளைஞர் அங்கே பெருகி வருகின்றனர். 2005இல் நைரோபிப் பல்கலைக்கழகத்திலே கன்பூசியஸ் பெயரால் ஒரு நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஆபிரிக்காவில் அதுவே முதலாவது. அங்கு முதன்மையாகக் கற்பிக்கப்படுவது சீன மொழி. மொழியுடன் அறமும் செல்லுமா என்பதே வினா.

கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்தவர் கன்பூசியஸ் என்பர். பெற்றோர், உடன்பிறந்தார், நண்பர், அரசு என்னும் உறவுகளிலே கடமையாற்றிப் பழகியே மனிதன் பண்படுகின்றான் என்பது அவர் கொள்கை. தென்னாபிரிக்க மக்கள் ‘உபுண்டு’ எனப் போற்றும் நெறியும், பிறரோடு கூடி வாழ்வதனாலேயே ஒருவன் மனிதனாகின்றான் என்பதாம். ஆகவே நிலம் பகையன்று. ஆயினும் கன்பூசியஸ் வகுத்த கடமை இருபாலது. மகனிடம் பணிவை வேண்டும் தந்தை தம் கடமையில் வழுவாதிருத்தல் வேண்டும். பெற்றோர் தவறினால் மென்மையாக எடுத்துரைத்தலும் மகனின் கடன். இதனை மறைத்து அடக்கத்தை மட்டும் கற்பித்தால், அது அதிகாரத்திற்குத் துணைபோகுமேயன்றி அறமாகாது.

அறம் கடல் கடக்கும் விதத்தை நம் நாட்டு வரலாறும் காட்டுகின்றது. பின்னாளில் ஆபிரிக்கக் கரையையும் எட்டிய சீனத் தளபதி செங் ஹோ, காலியில் ஒரு கல்வெட்டை நிறுவினார். 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற அக்கல், சீனத்திலே புத்தரையும், தமிழிலே தெனாவரை நாயனாரையும், பாரசீகத்திலே இஸ்லாமிய இறைவனையும் போற்றுகின்றது. பிறர் வணங்குவதை அவரவர் மொழியிலேயே மதித்த செயல் அது. ஆனால் அதே படையினர் அழகக்கோன் குடியைச் சேர்ந்த ஆட்சியாளரைச் சிறைப்பிடித்து, 1411இல் சீன அரசவையில் நிறுத்தினர். கல்லிற் பொறித்த மரியாதை கைவாளைத் தடுத்திலது.

நம் நிலையும் வேறன்று. குறளை மனனஞ் செய்து வளர்ந்தவர் நாம். எனினும் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, தடுக்க முயன்றோர் சிலர். அஞ்சி வாளாவிருந்தோர் பலர். அன்று இளைஞனாயிருந்த யானும் அப்பலருள் ஒருவன். மனனஞ் செய்த அறம் வேண்டிய வேளையில் நாவில் எழவில்லை.

ஆதலின் ஆபிரிக்க ஆசிரியர்க்கும் நமக்கும் பணி ஒன்றே. அறநூலைப் பாடமாக்கிப் பரீட்சை வைத்தல் எளிது. தாம் தவறியபோது ஆசிரியர் மாணவனிடம் பொறுத்தல் கேட்பதும், வேற்றுச் சமயத்தார் வீட்டுத் துயரிலே பங்குகொள்ள மாணாக்கரை உடன் அழைத்துச் செல்வதும் அரிது. அவ்வரிய பழக்கம் உள்ள பள்ளியிலே கன்பூசியஸ் நெறியும் வேரூன்றும். வள்ளுவர் நெறியும் தழைக்கும்.