கடிகாரமும் கரண்டியும் போதாது: மாநாட்டுத் தலைமை உரை



எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவையில் தலைமை உரை ஆற்றுவது பெரும் பேறு. மனத்துக்குள் சற்று நடுக்கமும் இருக்கிறது. ‘தீவிர சிகிச்சைக்குப் பின் மீண்டெழுதல்’ என்பது இம்மாநாட்டின் கருப்பொருள். தசைத் தளர்ச்சி, மனக்குழப்பம், உறக்கம், வீடு திரும்பியபின் வாழ்க்கை என ஒவ்வொன்றுக்கும் தனி அமர்வு உண்டு. அவற்றை அந்தந்த வல்லுநர்களிடமே விட்டுவிடுகிறேன். நிகழ்ச்சி நிரலில் கடைசிக்குத் தள்ளப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்: வென்டிலேட்டரிலிருந்து மீண்டு, டியூப் எடுக்கப்பட்டபின், விழுங்க முடியாமல் தவிக்கும் நோயாளி.

காரணங்கள் இந்த அவைக்குப் புதிதல்ல. டியூப் அழுத்திப் புண்ணான குரல்வளை, வேலையின்றித் தளர்ந்த தசை, மங்கிய தொண்டை உணர்ச்சி, தெளியாத நினைவு, மேலேறும் இரைப்பை அமிலம், மூச்சும் விழுங்கலும் ஒன்றோடொன்று தாளம் தப்புவது என எல்லாம் அறிவீர்கள். எத்தனை பேருக்கு இது வருகிறது என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு. 2010-இல் ஸ்கோரெட்ஸ் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 3 விழுக்காட்டிலிருந்து 62 விழுக்காடு வரை கண்டார்கள். 2017-இல் பெர்ன் நகரின் ஷெஃபோல்ட் குழு 933 நோயாளிகளைச் சோதித்து 12.4 விழுக்காடு என்றது. 2021-இல் மெக்கின்டயர் குழுவின் தொகுப்பு 41 விழுக்காடு என்றது.

எண்கள் இப்படி இழுபறியாக இருப்பதால் இந்தச் சிக்கலே மிகைப்படுத்தப்பட்டது என்று முந்தைய கருத்தரங்குகளில் சில நண்பர்கள் வாதிட்டார்கள். அவர்களுடைய புலமையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. படுக்கையருகே தண்ணீர் கொடுத்துப் பார்த்தவருக்கு ஓர் எண் கிடைக்கும், எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தவருக்கு வேறோர் எண் கிடைக்கும். மெக்கின்டயர் தொகுப்பிலேயே, புரையேறியவர்களில் 36 விழுக்காட்டினர் இருமவே இல்லை. உற்றுப் பார்க்காதவரின் கணக்கில் அவர்கள் எல்லாரும் நலமானவர்கள்.

இங்கே நம் துறையின் மூலநூல் போன்ற ஒரு கட்டுரையை நினைவூட்டுகிறேன். 1952-இல் கோபன்ஹேகனில் பரவிய போலியோ பற்றி லாசென் 1953 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் எழுதியது. மயக்க மருத்துவர் இப்சென் சொன்ன வழியில் மருத்துவ மாணவர்கள் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்த கதையாகவே அதை மேடைதோறும் சொல்லிவருகிறோம். தொண்டை செயலிழந்த நோயாளிகளைப் பற்றி அதிலுள்ள பகுதியை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. விழுங்க முடியாத எச்சிலும் சளியும் அவர்களுடைய நுரையீரலுக்குள் இறங்கின. அன்றைய இயந்திரங்கள் மார்பை விரித்தன, தொண்டையைக் காக்கவில்லை. அவற்றில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். கழுத்தில் துளையிட்டுக் கஃப் வைத்த குழாயைப் பொருத்தியது காற்று ஊதுவதற்காக, கூடவே இறங்கும் சளியைத் தடுப்பதற்காகவும். ஆக, விழுங்கலைக் கவனிப்பது நம் துறையோடு உடன்பிறந்த கடமை.

அந்தக் கடமையை இன்று இரண்டு பழக்கங்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஒன்று, டியூப் எடுத்து 24 மணி நேரம் யாருக்கும் வாய்வழி எதுவும் கூடாது என்ற விதி. லெடர் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் நால்வருக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே தண்ணீர்ச் சோதனையில் தேறினார்கள். அத்தகையவர்களை ஒருநாள் தாகத்தில் வாடவிடுகிறோம். தேறாதவர்களையும் இந்த விதி காப்பதில்லை. 25-ஆம் மணியில் உறவினர் இளநீர் கொண்டுவருகிறார். நோயாளி இருமாமல் குடிக்கிறார். செவிலியர் குறிப்பேட்டில் ‘நன்றாகக் குடித்தார்’ என்று எழுதுகிறார். இரவில் ஆக்ஸிஜன் அளவு இறங்குகிறது. காலை எக்ஸ்ரேயில் வலது கீழ் நுரையீரல் வெளுத்திருக்கிறது.

இன்னொன்று, ரவுண்ட்ஸின்போது ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. இதை நான் நெடுங்காலமாக மறுத்துவருகிறேன். சத்தமின்றிப் புரையேறுவது அளவைப் பொறுத்தது என்பதை லெடர், சூட்டர், கிரீன் மூவரும் 2011-இல் காட்டினார்கள். சிறிதளவு நீர் இருமலைத் தூண்டாமலே உள்ளே நழுவிவிடும்; அதே நோயாளி 90 மில்லியை நிறுத்தாமல் குடிக்கும்போது இருமல் வந்து காட்டிக்கொடுக்கும். நினைவு தெளிந்து, நிமிர்ந்து உட்காரக்கூடியவருக்குத்தான் அந்தச் சோதனை. குடித்து முடித்ததும் பேசச் சொல்லிக் கேட்க வேண்டும்: குரலில் ஈரம் கரகரத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

அதுவும் சிலரைத் தவறவிடும் என்று மறுதரப்பினர் சொல்வது சரியே. ஆகவேதான் நாட்கணக்கில் டியூபோடு இருந்தவர்களுக்கும் நரம்பு நோயுள்ளவர்களுக்கும் எண்டோஸ்கோப் சோதனை வேண்டும் என்கிறேன். லாங்மோர் குழுவினர் 1988-இலேயே எழுதிய முறை அது. கருவி இல்லை என்பதை இனியும் காரணமாகச் சொல்ல முடியாது. காது மூக்கு தொண்டைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறது.

இந்த அவையிடம் ஒரே வேண்டுகோள் வைக்கிறேன். டியூப் எடுக்கும் நேரத்தைப் பதியும் படிவத்தில் இன்னொரு வரி சேருங்கள்: விழுங்கலைச் சோதித்தவர் யார், எப்போது, முடிவு என்ன. அந்த வரி நிரம்பாமல் எந்த நோயாளிக்கும் தண்ணீர் கொடுக்காதீர்கள்; அந்த வரியை நிரப்பாமல் எவரையும் தாகத்தில் வைக்கவும் செய்யாதீர்கள். இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு கேட்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.