இல்லமும் மரச்சாமான்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் பேச அறிஞர் பலர் இம்மேடைக்கு வந்துள்ளனர். எங்களுக்குக் கிடைத்ததோ வீட்டு மரச்சாமான்களைப் பற்றிய பொருள். 'நாற்காலியையும் கட்டிலையும் பற்றிப் பேச என்ன இருக்கின்றது?' எனச் சிலர் எண்ணலாம். நம் தங்கவயலில் நடப்பதைக் கண்டவர் அவ்வாறு எண்ணார். பெங்களூருக்குக் குடிபெயரும் குடும்பங்கள், பாட்டன் காலத்துத் தேக்குக் கட்டிலைப் பழைய சாமான் வியாபாரியிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மாதத் தவணையில் பளபளப்பான சாமான்களை வாங்குகின்றன. வேறு சிலரோ, 'பழையது' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் உளுத்த மரத்திற்கும் பெரும்பொருள் கொடுக்கின்றனர். இவ்விரண்டும் தவறு என்பதே எங்கள் கருத்து.

முதலில், பழையது எது என்பதைத் தெளிவோம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பொருள்களையே தொன்மை வாய்ந்தவையாகக் கொள்கின்றது. அவ்வயதை எட்டாது, நம் தந்தையர் பாட்டனார் காலத்தில் செய்யப்பட்டவை இடைக்காலத்தவை. இன்று கடையில் கிடைப்பவை புதியவை. இம்மூன்றனுள் எதுவும் தன் வயதினால் மட்டும் உயர்ந்ததன்று; தாழ்ந்ததுமன்று.

வியன்னாவில் தொழில் நடத்திய மைக்கேல் தோனெட் என்பார், 1859ஆம் ஆண்டில் மரத்தை நீராவியில் வளைத்து ஒரு நாற்காலியை வெளியிட்டார். ஆறே மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மறைகள், அவ்வளவே. முப்பத்தாறு நாற்காலிகளைப் பிரித்து ஒரு கனமீட்டர்ப் பெட்டியில் அடைத்து அனுப்பலாம். அது அன்று தொழிற்சாலையில் செய்த மலிவுச் சரக்கு. இன்று உலகெங்கும் தேடி வாங்கப்படும் பழம்பொருள்! நல்ல மரமும் நல்ல வேலைப்பாடும் உடைய புதியதே நாளைய பழையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலை ஏற்றது முதல், ஆங்கில அதிகாரிகள் பங்களாக்களில் வாழ்ந்தனர். நீண்ட கைகளும் பிரம்பு இருக்கையும் உடைய சாய்வு நாற்காலிகள் அவர்தம் தாழ்வாரங்களை அணிசெய்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் அந்நாற்காலிகளின் முன்னே நின்றனரேயன்றி, அவற்றில் அமர்ந்தாரிலர். 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசினர் சுரங்கங்களை ஏற்றனர். அக்காலத்தில் தாயகம் திரும்பிய ஓர் அதிகாரியிடம் அத்தகைய நாற்காலி ஒன்றை எங்கள் பாட்டனார் விலைக்கு வாங்கினார். வாங்கினாரே தவிர, ஒரு நாளும் அதில் அமரவில்லை. அதன் அருகே பாய் விரித்து அமர்வதே அவர் வழக்கம். பின்னர் அது பரணுக்குச் சென்றது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. கையில் பணமில்லாத அந்நாளில், பாட்டியாரின் தேக்கு அலமாரியை விற்றோம். சில ஆண்டுகள் கழித்துத் தவணையில் ஒரு புதிய அலமாரி வாங்கினோம். மழைக்காலத்தில் ஈரச்சுவரை ஒட்டி நின்ற அதன் அடிப்பலகை, ஊறிய அப்பளம் போல் உப்பிற்று. தவணை முடியுமுன்னரே கதவு கழன்றது. கடைக்காரரை நொந்து பயனில்லை. எதனால் செய்தது என்று நாங்கள் கேட்கவேயில்லை. அது மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்திய பலகை.

அந்த இழப்பு கற்பித்த சில குறிப்புகளைக் கூறுகின்றோம். பழையதை வாங்குவோர் அதன் முகத்தைப் பாராமல் முதுகையும் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். இழுப்பறையை வெளியே எடுத்து, பலகைகள் விரல்கோத்தாற்போல் பொருத்தப்பட்டனவா, ஆணியால் அறையப்பட்டனவா என்று காண்க. கால்களின் கீழே மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால், உள்ளே பூச்சி உண்டென்று அறிக. வைரம் பாய்ந்த நடுமரம் எளிதில் உளுக்காது. வெளிர்நிறமான புறமரமே உளுக்கும். முட்டுக்கொடுத்த மரம் முனகுகின்றதா என்று செவிகொடுத்தே சுரங்கத்தில் உயிர் காத்த மரபினர் நாம். வீட்டுக்கு வாங்கும் மரத்தையும் தட்டிப் பார்த்து வாங்குவோமாக.

பழமைக்குப் போலியும் உண்டு. செட்டிநாட்டு மாளிகைகளுக்கெனப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. அம்மாளிகைகளுள் சில பிரிக்கப்பட்டபோது தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளை அடைந்தன. அங்கு மெய்யான பொருள் கிடைக்கின்றது. ஆனால் புதுமரத்திற்குக் கருஞ்சாயம் பூசிச் 'செட்டிநாட்டுச் சரக்கு' என விற்பாரும் எங்கும் உளர். மெய்யான தேய்மானம், கைபடும் இடத்திலும் கால்படும் இடத்திலுமே இருக்கும். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்த நாற்காலியை நம்பற்க.

இரு எச்சரிக்கைகள். வண்ணம் பூசிய பழைய தொட்டிலில் குழந்தையைக் கிடத்துதல் ஆகாது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்துலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. மற்றொன்று, இரயில்வே ஊழியர் என்ற முறையில் சொல்வது: தண்டவாளத்தின் கீழ்க் கிடந்த பழைய கட்டைகளைக் கொண்டு மேசை செய்யாதீர்கள். அவற்றுட் பல, கிரியோசோட் என்னும் நச்சு எண்ணெய் ஊட்டப்பட்டவை.

புதியதை வாங்குவோர், 'இது மரமா, ஒட்டுப்பலகையா, மரத்தூள் பலகையா?' என்று முதற்கண் கேட்க. ஒட்டுப்பலகையாயின் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் ஐ.எஸ். 303 என்ற எண்ணையும் நோக்குக. ஈரம் படும் இடத்திற்கு எம்.ஆர். வகை போதாது, பி.டபிள்யூ.ஆர். வகையே வேண்டும். கடைக்குச் செல்லுமுன் வீட்டு நிலைவாசலின் அகலத்தை நூல்பிடித்து அளந்து செல்க. நம் லைன் வீடுகளின் வாசலில் நுழையாமல் தெருவிலேயே ஓரிரவு தங்கிய பீரோக்களை நாம் கண்டதில்லையா?

எல்லாவற்றினும் முதன்மையான கேள்வி, 'இதனைப் பயன்படுத்துபவர் யார்?' என்பதே. எங்கள் தந்தையார் சுரங்கத் தூசியினால் வரும் நுரையீரல் நோயுற்றார். படுத்தால் மூச்சுத் திணறும். புதிய கட்டிலும் பஞ்சு மெத்தையும் வாங்கினோம், பயனில்லை. அப்போதுதான் பரணிலிருந்த சாய்வு நாற்காலி நினைவுக்கு வந்தது. பிரம்பு இற்றிருந்தது, சட்டமோ அசையவில்லை. பிரம்பு பின்னுவோரைத் தேடிக் கண்டு புதிதாய்ப் பின்னச் செய்தோம். அமர மறுத்தார் தந்தையார். 'உங்கள் பாட்டனார் அமராத நாற்காலி' என்றார். எங்கள் அன்னையார்தாம் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். இறுதி ஈராண்டும் இரவுகளில் அவர் உறங்கியது அந்நாற்காலியில்தான்.

அந்த நாற்காலியின் சந்தை விலை என்னவென்று சிலர் கேட்கின்றனர். நாங்கள் விசாரிக்கவில்லை. இன்று பிள்ளைகள் அதில் அமர்ந்து பாடம் படிக்கின்றனர். அதன் அருகே நிற்பது நல்ல ஒட்டுப்பலகையில் உள்ளூர்த் தச்சர் செய்த புதிய மேசை. பழையதும் புதியதும் ஓரறையில் பகையின்றி வாழ்கின்றன.

ஆகவே அன்பர்களே, குடிபெயர்வதற்கு முன் ஒரு நாள் பரண் ஏறிப் பாருங்கள். அங்குள்ளதைத் தட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்ததைப் பழுதுபார்த்துக் கொண்டுசெல்லுங்கள். உளுத்ததை இரக்கமின்றி விடுங்கள். இல்லாததைப் புதிதாய், கேட்டறிந்து வாங்குங்கள்.