எழுத்தைத் திருத்தலாம், ஆளைத் தள்ளலாமா?

தமிழ் நாட்குறிப்புகளையும் ஆவணங்களையும் பற்றிய இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்றிருக்கிறேன். நான் நேரே செய்திக்கு வருகிறேன்.

ஒருவருடைய எழுத்தின் தரத்தைக் கொண்டு அவரை மதிப்பிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. அதற்கு நான் அழைக்கும் சாட்சி புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, விளங்கிய பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். மாதம், தேதி, கிழமை போட்டு, எத்தனை நாழிகைக்கு யார் வந்தார், துரை என்ன சொன்னார், வந்த கப்பலுக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று எழுதிக்கொண்டே போகிறார். அந்தப் பக்கங்களை இன்றைய தமிழாசிரியர் கையில் கொடுத்தால் சிவப்பு மைதான் மிஞ்சும். வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். பாரசீகச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் பேச்சுத் தமிழோடு கலந்து ஓடும்.

எழுத்தில் தேர்ந்த புலவர்கள் அவரைச் சுற்றியே இருந்தார்கள். தியாகராய தேசிகர் அவர்மீது 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். அகத்துறைகளை முறையாக அடுக்கிய நூல் அது. ஆனால் 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது புதுச்சேரியில் என்ன பேசிக்கொண்டார்கள், 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊர்ப் பெரியவர்கள் எப்படித் தவித்தார்கள் என்று அறிய நாம் கோவையைத் திறப்பதில்லை. பிள்ளையின் பிழை மலிந்த பக்கங்களைத்தான் திறக்கிறோம். சென்னை அரசு அவற்றை 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. 'மானுடம் வெல்லும்' எழுதிய பிரபஞ்சனுக்கும் அவைதான் ஊற்று.

பிழைபட எழுதியதால் பிள்ளை உத்தமராகிவிடவும் இல்லை. தற்பெருமை, சாதிப் பற்று, வேண்டாதவர்மீது காழ்ப்பு எல்லாம் அங்கே ஒளிவில்லாமல் கிடக்கின்றன. கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டியுங்கள். அது அவர் நடத்தையைப் பற்றிய தீர்ப்பு. சந்திப்பிழைக்கு அதில் இடமில்லை.

இன்னொன்று. ஏழைகளை ஏமாற்றியும் கடத்தியும் அடிமைகளாகக் கப்பலேற்றிய கூட்டத்தைப் பற்றிப் பிள்ளையின் 1743ஆம் ஆண்டுக் குறிப்புகள் பேசுகின்றன. அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் எழுதிவைத்தது ஒன்றும் நம் கையில் இல்லை. எழுத்தே அளவுகோல் என்றால் அவர்களை எந்த வரிசையில் நிறுத்துவோம்?

இதை இன்று சொல்லக் காரணம் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மாணவி, ஊர் ஊராக அலைந்து பழைய பத்திரங்களைப் படியெடுத்து ஆய்வேடு எழுதுகிறாள். தேர்வாளர் அறிக்கையின் முதல் பக்கம் முழுவதும் லகர, ளகர, ழகர மயக்கப் பட்டியல். அவள் கண்டுபிடித்தது இரண்டாம் பக்கத்தில் வருகிறது. சில அறிக்கைகளில் வருவதே இல்லை. இந்த வழக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மொழிக் கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் வரைபவரும் அரசாணை எழுதுபவரும் பாடநூல் ஆக்குபவரும் பிழை செய்தால் விடாமல் கேளுங்கள். அவர்கள் எழுதும் ஒரு வாக்கியம் குழம்பினால் ஒரு குடும்பத்தின் நிலமோ ஓய்வூதியமோ சிக்கலாகிவிடும். கேள்வி கேட்க வேண்டிய அந்த இடத்தில் வாய்மூடி இருந்துவிட்டு, மாணவரிடம் மட்டும் கறார் காட்டுவது நியாயமன்று.

முதல் அமர்வில் இளம் ஆய்வாளர்கள் கட்டுரை படிக்க வருகிறார்கள். அவர்களுடைய எழுத்துப் பிழைகளைத் தாளின் ஓரத்தில் குறித்து அவர்கள் கையிலேயே கொடுங்கள், அடுத்த படியில் திருத்திக்கொள்வார்கள். அவையில் நீங்கள் எழுப்பும் முதல் கேள்வி அவர்கள் கொண்டுவந்திருக்கும் சான்றைப் பற்றியதாக இருக்கட்டும் என்று மூத்த அறிஞர்களைக் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.