நம்ம கணக்கை நாமே போடலாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

வருமான வரி என்றால் ஆபீசருங்க, முதலாளிங்க சமாச்சாரம் என்றுதான் நானும் நினைச்சிருந்தேன். எங்கள் அம்மா பணத்தில் கை வைத்த பிறகுதான் அது நம்ம வீட்டு வாசலுக்கும் வரும்னு தெரிஞ்சுது.

அப்பா இருந்தபோது சேர்த்ததும், அவர் போன பிறகு வந்ததுமாகப் பத்து லட்சத்தை அம்மா பேரில் பேங்கில் டெபாசிட் போட்டோம். அந்த வட்டியில்தான் அம்மாவுக்குச் சாப்பாடு, மருந்து எல்லாம். 2022-23-இல் அந்த வட்டியில் ஆறாயிரத்துச் சொச்சம் வரி என்று பிடிச்சுட்டாங்க. அறுபது வயதானவர்களுக்கு வருஷ வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடிப்பது அப்போதைய விதி. எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று 15எச் படிவம் எழுதிக் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு படிவம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க ஆன்லைனில் கணக்கு தாக்கல் செய்யணும்னு சொன்னாங்க. டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஆயிரம் ரூபாய் கொடுத்து, ஆதாரையும் பான் கார்டையும் நீட்டினோம். நாலு தடவை பஸ் ஏறிப் போனோம். "வரும், வரும்" என்றார்கள். கடைசியில்தான் விஷயம் தெரிஞ்சுது. அம்மா நம்பரைக் கொடுக்காமல் கடைக்காரர் தன் போன் நம்பரையே கொடுத்துப் பதிவு செய்திருக்கிறார். தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்க்கணும், அதையும் செய்யவில்லை. சரிபார்க்காத கணக்கு, போடாத கணக்குதான். அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

அடுத்த வருஷம் 7,500 ரூபாய் பிடிச்சாங்க. அம்மா, "விடு தாயி, போனது போகட்டும். இதைப் போட்டா மாசம் வர்ற உரிமைத் தொகை ஆயிரமும் நின்னு போயிரும்" என்றார். எனக்கும் அதே பயம்தான்.

அப்போது எங்கள் குழு ஊக்குநர் அக்கா தன் மாமியார் பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார். இதேபோல் பிடித்த பணம் வரவாகியிருந்தது. உரிமைத் தொகையும் அடுத்த வரிகளில் மாசா மாசம் ஏறியிருந்தது. வருஷம் இரண்டரை லட்சத்துக்கு மேல் வருமானம் வந்து வரிக்கணக்கு போடுகிறவர்களுக்குத்தான் உரிமைத் தொகை இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னார். டிவியில் எத்தனையோ விளம்பரம் பார்த்திருக்கிறேன், மனசு அசையவில்லை. அந்தப் பாஸ்புக்கைப் பார்த்ததும் அசைந்தது.

அம்மா ஆதாரில் அப்பாவின் பழைய நம்பர் இருந்தது. ஆதார் மையத்தில் 50 ரூபாய் கட்டி மாற்றினோம். அந்த நம்பருக்கு வந்த ஓடிபியை வைத்துப் பாஸ்வேர்டை மாற்றி, கணக்கை எங்கள் கைக்குக் கொண்டுவந்தோம். கெடு 2024 ஜூலை 31. அதற்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் திண்ணையில் உட்கார்ந்தோம். அக்கா போனைத் தொடவே இல்லை. "நீயே அமுக்கு. அடுத்த வருஷம் நான் இல்லாட்டியும் நீ போடணும்ல" என்றார். அம்மா பேர், வட்டி, பிடித்த வரி எல்லாம் அதிலேயே வந்திருந்தது. பேங்க் கணக்கோடு ஒத்துப் பார்த்தோம். ரெண்டு தடவை தப்பாக அமுக்கித் திரும்ப வந்தேன். கடைசியில் ஓடிபி போட்டுச் சரிபார்ப்பும் முடித்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பணம் ஏறிய மெசேஜை அம்மா ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "இது யாரும் குடுத்த காசு இல்ல, என் காசு" என்றார்.

அக்கா தங்கச்சிகளே, குழு ஆரம்பித்தபோது சந்தா கட்டவே நாம் எவ்வளவு யோசித்தோம்! முதலில் கடன் வாங்கி மாடு வாங்கினவளைப் பார்த்துத்தானே மத்தவங்க வந்தோம்? இதுவும் அப்படித்தான். ஒருத்தி செய்து காட்டணும், பக்கத்தில் உட்காரணும், போன் அவரவர் கையிலேயே இருக்கணும். ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் திரும்ப வரும் என்று போனில் வரும் லிங்கைத் தொடக் கூடாது.

2025 ஏப்ரல் முதல் அறுபது வயதானவர்களுக்கு அந்த வட்டி வரம்பு ஒரு லட்சம், மத்தவர்களுக்கு 50,000. அதைத் தாண்டும், ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால், ஏப்ரலிலேயே பேங்கில் படிவம் கொடுத்துடுங்க. 2025-26 வரை அது பெரியவர்களுக்கு 15எச், மத்தவர்களுக்கு 15ஜி என்று இருந்தது.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் ஜூலையில் ஒரு நாள் நம்ம கட்டிடத்தில் இதற்கென்று ஒதுக்குங்க. நான் வந்து பக்கத்தில் உட்காருகிறேன். போனைத் தொட மாட்டேன்.