ஊருணிக் கரைக்குத் தகரம் வேண்டுமா?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

பேங்க் கிளார்க்குக்குக் கட்டடக் கலையில் என்ன வேலை என்பீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நார்வேயில், ஆஸ்லோவில் 2008இல் திறந்த ஓபரா அரங்கின் கூரை, கடல் நீர் வரை சாய்வாக இறங்குகிறது. டிக்கெட் இல்லாமல் யாரும் ஏறி உட்காரலாம். புதுமை என்கிறார்கள். மதுரை வண்டியூர் தெப்பக்குளம் பார்த்த நமக்குமா?

திருமலை நாயக்கர் 1645இல் அமைத்தது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்பார்கள். அதை மூடாமல் சுற்றிலும் கல் படி, நடுவில் மண்டபம், வைகையிலிருந்து வாய்க்கால். தைப்பூசத்தன்று மீனாட்சி தெப்பத்தில் வருகிறாள். மற்ற நாளில் ஜனங்கள் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். இடையில் வறண்டு, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். வாய்க்காலைச் சரிசெய்த பிறகே நிரம்பியது.

நம் ஊருணியைத் தகரம் அடித்து மறைக்கத் தீர்மானம் வந்திருக்கிறது. குழந்தைகள் விழும் என்ற பயம் நியாயம்தான். என் பேத்திக்கும் நாலு வயது. ஆனால் தகரத்துக்குப் பின்னால் குப்பை கொட்டினால் யாருக்குத் தெரியும்? பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்கள் வேன் வரும்வரை அந்த வேப்பமரத்தடியில்தானே நிற்கிறார்கள்?

இடுப்பளவு கம்பி வேலி, இரண்டு சிமெண்ட் பெஞ்சு, வரத்துக்கால் அடைப்பு எடுக்கும் கூலி எல்லாம் கணக்குப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கை தூக்குமுன் பார்த்துவிடுங்கள்.